‘முடியும்’ என்றாள் மேவிஸ்

அத்தியாயம் 17

ஷாரன் ஜொகூரிலிருந்து மலைத் தோட்டத்து வீட்டுக்குப் பஸ் பிடித்து வந்து மூணு நாள் ஆகிவிட்டது. வந்த அன்றைக்குப் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்த காகிதம் இன்னும் அங்கேயேதான் கிடக்கிறது. ஈப்போவில் சிஸ்டர்மார் நடத்துகிற முதியோர் இல்லத்துக் காகிதம். ஆண்கள் பக்கத்தில் ஒரு கட்டில் காலியாம். அப்பாவுக்கு என்று சொல்லி வைத்திருக்கிறாள். அம்மாவைத் தன்னோடு ஜொகூருக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவதாக ஏற்பாடு.

அண்ணன் எட்ரியன் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. எஸ்டேட் லோரியில் தேயிலைக் கொழுந்து ஏற்றி இறக்குகிறவன். நாற்பத்தாறு வயசாகியும் கல்யாணம் இல்லை. காலையில் போனால் சாயங்காலம்தான் வருவான். நடுவில் வீட்டில் ரெண்டு கிழடும் என்ன பாடுபடுகின்றன என்று அவனுக்கே தெரியாது.

அம்மா மேவிஸ்தான் பிடிவாதமாக நின்றாள்.

“ரெண்டு வாரத்துக்கு முன்ன ஒரு தடவ விழுந்தாரு. அதுக்கு ஆளையே தூக்கிட்டுப் போயிருவீங்களா?”

கடைசியில் மூணு பேரும் ஒரு பேச்சுக்கு வந்தார்கள். தானா ராத்தா ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வந்து அப்பாவை அளந்து பார்க்கட்டும். எழுந்திருக்க, நடக்க, குளிக்க, சட்டை போட அவரால் எவ்வளவு முடிகிறது என்று எழுதட்டும். தேறினால் வீட்டில் இருப்பார். தேறாவிட்டால் வெள்ளிக்கிழமை ஈப்போ.

இன்று புதன்கிழமை.

* * *

காலை ஆறரைக்கே ஒத்திகை தொடங்கிவிட்டது.

“இன்னொரு வாட்டி எந்திரிங்க. கையை ஊனக்கூடாது. நெஞ்சுல கட்டிக்கணும்.”

அப்பா லியோனார்ட் நாற்காலியிலிருந்து எழுந்தார். உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார். முப்பத்து நாலு வருசம் தேயிலை பெக்டரியில் ரோலர் மிசின் பக்கத்தில் நின்ற மனுசன். எழுபத்து நாலாம் வயசில் ஸ்ட்ரோக் வந்து வலது கையையும் வலது காலையும் பாதி எடுத்துக்கொண்டது. பேச்சில் முக்கால்வாசி போய்விட்டது. ஒரு வார்த்தை வரும், சில நாள் அதுவும் வராது. இதெல்லாம் ஆகி ரெண்டு வருசம்.

“மூணு… நாலு… அஞ்சு. பாத்தீங்களா, சுலுவா வருது.”

சுலுவாக வந்ததற்குக் காரணம் இருந்தது. நாற்காலியில் ரெண்டு தலையணை கிடந்தது. உட்காரும் இடம் உயரமானால் எழுந்திருப்பது லேசு. இதை மேவிஸ் தானாகவே கண்டுபிடித்திருந்தாள்.

என்ன கேட்பார்கள் என்பதையும் அவள் முன்கூட்டியே தெரிந்து வைத்திருந்தாள். கம்போங் ராஜாவில் தெரிந்தவர் இருளப்பனைப் போன வருசம் இப்படி அளந்தார்களாம். போன் போட்டு ஒன்று விடாமல் விசாரித்துவிட்டாள்.

பக்கத்து வீட்டுக் காளியம்மா வாசலில் வந்து நின்றாள்.

“என்னா மேவிஸ் அக்கா, அண்ணன பட்டாளத்துக்கு அனுப்பப் போறியா?”

“நீ போயி ஒன் அடுப்பப் பாரு.”

“அடுப்பு நல்லாத்தான் எரியுது. அண்ணே, அளக்குறப்ப வயித்த உள்ள இழுத்துக்கங்க. சட்டைக்கு அளவெடுக்கற தையல்காரன்னு நெனச்சுக்கங்க.”

லியோனார்ட் சிரித்தார். சிரிப்பு இடது பக்கம் மட்டும்தான் வரும்.

எட்ரியன் சமையல்கட்டில் நின்றுகொண்டே ரொட்டி தின்றான். மேனேஜரிடம் மத்தியானம் வரைக்கும் லீவு கேட்டிருந்தான். ஷாரன் அவன் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டாள்.

“அண்ணே, அம்மா பண்றது ஒனக்குச் சரியா படுதா? உண்மையா என்னா நெலமன்னு தெரியத்தானே ஆள வரச் சொன்னோம்?”

“விடு பாப்பா. ஒரு நாளுதானே.”

“ஒரு நாளு நல்லா நடிச்சு வீட்டுலயே இருந்து, அடுத்த வாரம் மறுபடி விழுந்தா?”

அப்பா விழுந்த அன்றைக்கு மத்தியானம், ஏதோ எடுக்க வீட்டுக்கு வந்த எட்ரியன்தான் முதலில் பார்த்தவன். குளியலறைப் படிக்கட்டில் அப்பா குப்புறக் கிடந்தார். அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்பாவைத் தூக்கி உட்கார வைத்துவிட்டு அவன் கத்தின கத்து லயன் வீட்டு வரிசை முழுக்கக் கேட்டது. “தனியா எந்திரிக்காதீங்கன்னு எத்தன தடவ சொல்லிட்டேன்! சின்னப் புள்ளயா நீங்க?”

அப்பா “சரி” என்றார். அவ்வளவுதான்.

* * *

ஒன்பதரைக்கு ஒரு வெள்ளை கார் வந்து நின்றது. முப்பது வயசு இருக்கும் ஒரு பெண், தோளில் பெரிய பையோடு இறங்கினாள்.

“வணக்கம் அங்கிள், வணக்கம் ஆன்ட்டி. நான் ரூபினி. ஆஸ்பத்திரியிலேர்ந்து வரேன்.”

“வாங்க மிஸ்ஸி. உக்காருங்க மிஸ்ஸி.”

“நான் நர்ஸ் மிஸ்ஸி இல்ல ஆன்ட்டி. தெரப்பிஸ்ட்.”

“சரி மிஸ்ஸி.”

ரூபினி சிரித்துவிட்டு உட்கார்ந்தாள். பிரிஞ்சாங்கில் காய்கறித் தோட்டத்துக் குடும்பத்துப் பெண்ணாம். அந்த மலையிலேயே பிறந்து வளர்ந்தவள் என்பதால் பேச்சில் அன்னியம் இல்லை. காகிதத்தை எடுத்துத் தொடை மேல் வைத்துக்கொண்டாள்.

“அங்கிள், நீங்க தானா சாப்பிடுவீங்களா?”

“முடியும்,” என்றாள் மேவிஸ்.

“குளிக்கிறது?”

“முடியும்.”

“சட்டை, சிலுவார் போடுறது? பட்டன்?”

“அதெல்லாம் முடியும்.”

“படி ஏறி எறங்க?”

“முடியும். எந்தப் படின்னு காட்டுங்க.”

“அம்மா!” என்றாள் ஷாரன்.

“ஆன்ட்டி, நான் அங்கிளக் கேக்குறேன்.”

“அவரு சொல்லப் போறதத்தான் நான் சொல்றேன் மிஸ்ஸி.”

மேவிஸ் பொய் சொல்ல வேண்டும் என்று நினைத்துச் சொல்லவில்லை. நாற்பது வருசம் விடியக்காலைப் பெரட்டில், பேர் கூப்பிடும் வரிசையில், நின்ற பழக்கம். கொட்டுகிற மழையில், காய்ச்சலில், எட்டு மாச வயிற்றோடு நிற்கையில் கங்காணி வந்து “முடியுமா?” என்று கேட்பார். அந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான். முடியாது என்று சொன்னவர்களின் பேரை வெட்டினார்கள். பேர் போனால் வீடு போகும். அதனால் அந்த மலையில் வயசான எந்த உடம்பைக் கேட்டாலும் முடியும் என்றுதான் சொல்லும்.

ரூபினிக்கு இது தெரிந்திருக்க வேண்டும். அவள் கோபப்படவில்லை.

“ஆன்ட்டி, எனக்குக் குளுருது. கொஞ்சம் டீ கெடைக்குமா?”

மேவிஸ் புருசனைப் பார்த்தாள். எழுந்திருக்க மனசில்லை. வந்தவர்கள் டீ கேட்டு இல்லை என்று சொல்வதும் முடியாது. மேசையைப் பிடித்து மெல்ல எழுந்து உள்ளே போனாள்.

* * *

அவள் போனதும் ரூபினி ஒரு சட்டையை எடுத்து லியோனார்ட் மடியில் வைத்தாள்.

“அங்கிள், இதுல ஒரே ஒரு பட்டன் போட்டுக் காட்டுங்க. அவசரமில்ல.”

இடது கை பட்டனைப் பிடித்தது. ஓட்டையைப் பிடிக்க வேண்டிய வலது கை சட்டை மேல் சும்மா கிடந்தது. ஒரு நிமிசம் போனது. ரெண்டு நிமிசம் போனது. அவர் கண் சமையல்கட்டுக் கதவுக்கே போய்ப் போய் வந்தது.

“தெனமும் எப்படிப் போடுவீங்க?”

“மேவிஸ்,” என்றார்.

ரூபினி எழுதினாள். ஷாரன் அண்ணனைப் பார்த்தாள். எட்ரியன் கீழே பார்த்தான்.

“இப்ப நாற்காலி. அஞ்சு தடவ எந்திரிச்சு உக்காரணும். அங்கிள், இந்தத் தலையணைய எடுத்துறலாமா?”

தலையணை இல்லாமலும் அவர் எழுந்தார். நேரம் பிடித்தது. மூணாம் தடவை கால் நடுங்கியது. நாலாம் தடவை எட்ரியன் தன்னையறியாமல் ஓரடி முன்னால் வந்துவிட்டான். “நீங்க தொடாதீங்கண்ணே,” என்றாள் ரூபினி. அஞ்சையும் முடித்தார். முகம் வேர்த்துவிட்டது, அந்தக் குளிரிலும்.

அடுத்தது நாலு மீட்டர் நடை. வீட்டுக்குள் நேராக நாலு மீட்டர் கிடையாது. அந்த வீட்டில் எந்தப் பக்கம் அளந்தாலும் மூணு மீட்டரில் சுவர் வந்துவிடும். ஆகவே லயன் வாசல் சிமெண்டுத் தரையில், மேவிஸ் வீட்டிலிருந்து காளியம்மா வீட்டுக் கதவு வரைக்கும் ரூபினி நாடா விரித்தாள்.

அக்கம்பக்கம் எல்லாம் வெளியே வந்துவிட்டது.

“அண்ணே, இதான் என் வீடு! நேரா வாங்க, காப்பி போட்டு வச்சிருக்கேன்,” என்றாள் காளியம்மா.

லியோனார்ட் தடியோடு நடந்தார். வலது கால் அரைவட்டம் போட்டுத்தான் முன்னால் வரும். ஆனாலும் நிற்கவில்லை. பதிமூணு வினாடி. போய்ச் சேர்ந்ததும் நாலைந்து பேர் கை தட்டினார்கள். அவருக்கு வெட்கமாகிவிட்டது.

ரூபினி கடிகாரத்தைப் பார்த்துத் தலையாட்டினாள். “பரவால்லயே அங்கிள். நான் நெனச்சதுக்கு மேலயே இருக்கு.”

ஷாரனுக்கு முதல் தடவையாக மனசு ஆடியது. தான்தான் அவசரப்பட்டுவிட்டோமோ?

* * *

உள்ளே வந்து உட்கார்ந்தபோது மேவிஸ் காலையில் போட்டு மூடி வைத்த டீ பிளாஸ்க்கை ரெண்டு கையாலும் அணைத்துக்கொண்டு வந்தாள். மேசையில் வைத்தாள். பிறகு, யோசிக்காமலே, அதைப் புருசன் பக்கம் நகர்த்தினாள்.

லியோனார்டும் யோசிக்கவில்லை. பிளாஸ்க்கைத் தொடைக்கு நடுவில் இடுக்கி, இடது கையால் மூடியைத் திருகித் திறந்தார். திருப்பி அவள் பக்கம் தள்ளினார்.

அவள் ஊற்றினாள். ஊற்றும்போது அவர் அடிப்பாகத்தைத் தாங்கிக்கொண்டார்.

தினமும் பல்லு விளக்குகிற மாதிரி செய்கிற வேலை. இருவருமே தாங்கள் ஒன்றைச் செய்தோம் என்றே உணரவில்லை.

ரூபினி பேனாவைக் கீழே வைத்தாள்.

“அங்கிள் அத மூடட்டும் ஆன்ட்டி, நீங்க ஒரு தடவ தொறங்க.”

“எதுக்கு மிஸ்ஸி? ஊத்துன டீ ஆறிருமே.”

“ஆறட்டும். நீங்க தொறந்து காட்டுங்க.”

மேவிஸ் மூடியைப் பிடித்தாள். விரல் கணு எல்லாம் வீங்கி, ஒவ்வொன்றும் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. திருகினாள். மூடி அசையவில்லை, கைதான் அதன் மேல் வழுக்கியது.

“இது ரொம்ப இறுக்கம்.”

ஷாரன் வாங்கித் திருகினாள். ஒரே திருகில் திறந்துகொண்டது.

வாசலில் யாரோ கோழியை விரட்டும் சத்தம் கேட்டது.

ரூபினி பையிலிருந்து கைப்பிடி வைத்த ஒரு கருவியை எடுத்தாள். முள்ளு வைத்த தராசு மாதிரி இருந்தது. “எவ்வளவு பலமா அமுக்க முடியுதோ அமுக்குங்க ஆன்ட்டி.”

“பேரு எழுதுனது அவருக்குத்தானே? என்ன எதுக்கு?”

“சும்மா. பாப்போம்.”

மேவிஸ் அமுக்கினாள். உதட்டைக் கடித்துக்கொண்டு அமுக்கினாள்.

“ஆறு.”

“ஆறுன்னா?”

“ஆறு கிலோ ஆன்ட்டி.”

“ஒரு நாளைக்கு நூறு கிலோ கொழுந்து வெட்டுன கையி இது! மிசின் ரொசாக் லா மிஸ்ஸி. வேற எடுங்க.”

ரூபினி கருவியை லியோனார்டின் இடது கையில் கொடுத்தாள். முள் இருபத்தெட்டில் போய் நின்றது. மிசின் கெட்டுப்போகவில்லை என்பது எல்லாருக்கும் விளங்கிவிட்டது.

“நாற்காலியிலேர்ந்து கையை ஊனாம எந்திரிக்க முடியுமா ஆன்ட்டி?”

“முடியும்,” என்றாள்.

முன்னால் சாய்ந்தாள். இடுப்பு நாற்காலியை விட்டு ஒரு விரல் அளவு எழுந்தது. திரும்ப விழுந்தது. மறுபடி முயன்றாள். மறுபடி விழுந்தது.

லியோனார்டின் இடது கை நீண்டது. யாரும் சொல்லவில்லை. அவள் அதைப் பிடித்தாள், எழுந்து நின்றாள். எழுந்த பிறகுதான் எல்லாரும் பார்க்கிறார்கள் என்பது அவளுக்கு உறைத்தது. சட்டென்று கையை விட்டாள்.

* * *

“எவ்வளவு நாளா இப்படி?” என்று கேட்டது ஷாரன்.

மேவிஸ் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். “ஒரு வருசம் இருக்கும். அதுக்கென்னா இப்ப? பலம் வேணுங்கற வேல அவரு பாப்பாரு. துணி புழியறது, பான எறக்கறது. நெதானமா ரெண்டு கையும் வேணுங்கறது நான் பாப்பேன். பட்டன், நகம் வெட்டறது, சோறு பெசஞ்சு குடுக்கறது. வீடு ஓடுச்சுல்ல?”

“எங்கிட்ட ஏம்மா சொல்லல?”

“சொன்னா என்னா பண்ணிருப்ப? இப்ப பண்றதத்தான் அப்பப் பண்ணிருப்ப.”

ரூபினி பக்கம் திரும்பினாள்.

“இது களவு இல்ல மிஸ்ஸி. கொழுந்து வெட்ட நெறையில வரிசையா நிக்கறப்ப வேலம்மான்னு ஒருத்தி எங்கூட நிப்பா. புள்ள வயித்துல இருக்கறப்ப அவளுக்குக் கொழுந்து எட வராது. எட கொறஞ்சா பேரு போயிரும். நெறுத்து எட போடறதுக்கு முன்ன என் கூடையிலேர்ந்து ரெண்டு கையி அள்ளி அவ கூடையில போடுவேன். எனக்கு முதுகு புடிச்சுக்கிட்டப்ப அவ போட்டா. எல்லாரும் செஞ்சோம். கங்காணிக்கும் தெரியும், அவரும் பாக்காத மாதிரிதான் நிப்பாரு. கொழுந்து கொழுந்துதானே? யாரு வெட்டுனா என்னா?”

ரூபினி காகிதத்தைத் தூக்கிக் காட்டினாள்.

“களவுன்னு நான் சொல்லல ஆன்ட்டி. ஆனா இந்தக் காகிதத்துல ஒருத்தருக்குத்தான் எடம் இருக்கு. அவரு தனியா என்னா செய்வாருன்னுதான் கேக்குது. நீங்க தனியா என்னா செய்வீங்கன்னு இன்னொரு காகிதம். ரெண்டு பேரும் சேந்து என்னா செய்வீங்கன்னு கேக்க காகிதமே இல்ல.”

“அப்ப நீங்க எழுதுங்களேன்.”

“எழுதறேன். கீழ தனியா எழுதி வைக்கிறேன். மேல இருக்கறவங்க படிப்பாங்களான்னு தெரியாது.”

பிறகு அவள் கேட்ட கேள்வி சாதாரணமாகத்தான் வந்தது. அளக்க வருகிறவர்கள் எல்லாரையும் கேட்கிற கேள்விதான் அது.

“கடைசியா விழுந்தது எப்ப? எப்படி விழுந்தாங்க?”

எட்ரியன்தான் வாய் திறந்தான். “ரெண்டு வாரம் முன்ன. அப்பா தனியா குளிக்கப் போயி…”

“அவரு விழல,” என்றாள் மேவிஸ்.

எட்ரியன் நிறுத்தினான்.

“நான்தான் விழுந்தேன். படியில கால் வழுக்கிருச்சு. எந்திரிக்க முடியல. ஒரு மணி நேரம் கெடந்தேன். வாயத் தொறந்து கத்தவும் இல்ல. காளியம்மா வந்தா லயனுக்கே தெரிஞ்சிரும்னு. அவரு கட்டில்லேர்ந்து செவத்தப் புடிச்சுப் புடிச்சு வந்தாரு. கைய நீட்டித் தூக்குனாரு. என் பாரத்துல அவரும் சாஞ்சிட்டாரு.”

மூச்சு வாங்கிக்கொண்டாள்.

“அவரு தோள ஊனித்தான் நான் எந்திரிச்சேன். நான் நின்னுட்டேன், அவரால முடியல. அந்த நேரத்துல நீ வந்த. நீ அவரத் திட்டுன. நான் சொல்லிருக்கணும். சொல்லல.”

எட்ரியன் அப்பாவைப் பார்த்தான். லியோனார்ட் அவனைப் பார்த்து, அது ஒன்றுமில்லை என்பது போல இடது கையை லேசாக ஆட்டினார்.

அதற்கு மேல் அங்கே நிற்க அவனால் முடியவில்லை. பின்பக்கம் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றான். தண்ணீர் சத்தம் வெகுநேரம் கேட்டது.

* * *

ரூபினி கிளம்பும்போது பதினொன்றே கால். ரெண்டு காகிதம் எழுதி முடித்திருந்தாள். வாசலில் நின்று ஷாரனிடமும் எட்ரியனிடமும் மெதுவாகச் சொன்னாள்.

“அங்கிளத் தனியா விடக்கூடாது. ஆன்ட்டியவும் தனியா விடக்கூடாது. இப்படியே ஒருத்தர ஒருத்தர் தாங்கிக்கிட்டு இருந்தா, ஒருத்தர் விழுறப்ப ரெண்டு பேரும் விழுவாங்க. பகல்ல ஒரு ஆளு கூட இருந்தா வீட்டுலயே இருக்கலாம். இல்லன்னா ரெண்டு பேருமே ஒரே எடத்துக்குப் போகணும்.”

பகலில் ஒரு ஆள். அதைத்தான் ரெண்டு பேரும் யோசித்தார்கள்.

“நான் நின்னுடறேன்,” என்றான் எட்ரியன். “வேலய விட்டுடறேன்.”

“வேலய விட்டா வீடு? ஒன் பேருலதானே எஸ்டேட் வீடு குடுத்துருக்கு?”

அவன் வாசல் சுவரில் சாய்ந்துகொண்டான்.

“நான் அம்மாவ அங்க கூட்டிட்டுப் போனா…” ஷாரன் பாதியில் நிறுத்திவிட்டாள். ஜொகூரில் அவள் வீடு நாலாவது மாடி. லிப்ட் பாதி நாள் ஓடாது. அவளோ பன்னிரண்டு மணி நேர ஷிப்டு. நாற்காலியிலிருந்து எழ முடியாத அம்மாவை அந்த நாலு சுவருக்குள் வைத்துப் பூட்டிவிட்டுப் போவதா? மூணு நாளாக அப்பாவை எங்கே வைப்பது என்று மட்டுமே யோசித்துக்கொண்டிருந்தவளுக்கு இப்போதுதான் அம்மாவும் ஒரு ஆள் என்று ஞாபகம் வந்தது போல இருந்தது.

ஈப்போவுக்குப் போன் போட்டாள். சிஸ்டர் பொறுமையாகக் கேட்டார்.

“ஆண்கள் பக்கம் ஒரு எடம் இருக்குமா. வெள்ளிக்கெழம வரைக்கும் வச்சிருப்பேன். பெண்கள் பக்கம் பதினோரு பேரு காத்திருக்காங்க. அம்மா பேரையும் கீழ எழுதட்டுமா?”

“நான் திரும்பக் கூப்பிடறேன் சிஸ்டர்,” என்று ஷாரன் வைத்துவிட்டாள்.

திரும்பினால் மேவிஸ் கதவில் சாய்ந்து நின்றாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை.

“அப்பாவக் கூட்டிட்டுப் போ,” என்றாள்.

“அம்மா…”

“நீ கேட்டதத்தானே சொல்றேன்? கூட்டிட்டுப் போ.”

“காலையில வரைக்கும் நீதானம்மா வேணாம்னு நின்ன.”

“காலையில அந்தப் பொண்ணு முன்னால அவரு கைய நீட்டுனதப் பாத்தியா? இத்தன பேரு நிக்கறீங்க. புள்ள நிக்கிறான், நீ நிக்கிற. அவருதான் நீட்டுறாரு. நான் பக்கத்துல இருக்கற வரைக்கும் நீட்டிக்கிட்டேதான் இருப்பாரு ஷாரன். ஒரு நாளு என்னத் தூக்கப் போயி மண்டைய ஒடச்சுக்குவாரு. எனக்கு அது வேணாம்.”

அவள் அழவில்லை. மழைக்கு முந்தி கொழுந்து மூடி வைப்பது பற்றிச் சொல்கிற மாதிரித்தான் சொன்னாள்.

“ஒன்ன என்னம்மா பண்றது?”

“அது அப்புறம். மொதல்ல அவரு.”

எட்ரியன் ஏதோ சொல்ல வந்தான். அவள் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டே உள்ளறைக்குப் போனாள்.

* * *

லியோனார்ட் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மேவிஸ் அவர் பக்கத்தில் மெல்ல உட்கார்ந்தாள். எட்ரியனும் ஷாரனும் கதவருகே நின்றுவிட்டார்கள்.

“ஏங்க. வெள்ளிக்கெழம ஈப்போவுக்குப் போறோம். சிஸ்டருங்க இருக்கற எடம். காலையில பூச இருக்குமாம். இந்தக் குளுரு அங்க கெடையாது, ஒங்க காலுக்கு நல்லது.”

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். வார்த்தை தொண்டையில் நின்று முட்டுவது தெரிந்தது. கழுத்து நரம்பு புடைத்தது.

“நீ?” என்றார்.

மேவிஸ் கொஞ்சம்கூடத் தாமதிக்கவில்லை.

“நானும்தான்.”

ஷாரன் அண்ணன் கையைப் பிடித்தாள். எட்ரியன் வாயைத் திறந்தான். மேவிஸ் திரும்பாமலே, “நீ லோரிக்குப் போ, நேரமாச்சு,” என்றாள்.

லியோனார்ட் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு “சரி” என்றார்.

தடியை ஊன்றி எழுந்தார். அலமாரிக்கு ஏழெட்டு அடிதான். கால் அரைவட்டம் போட்டுப் போட்டுப் போய்ச் சேர்ந்து கதவைத் திறந்தார். மேல் தட்டில் அவருடைய சட்டைகள் இருந்தன. அவற்றைத் தொடவில்லை. கீழே குனிந்து மேவிஸின் சாம்பல் நிறக் கம்பளிச் சட்டையை இழுத்து எடுத்தார். கட்டிலில் போட்டார். ஒரு கையால் மடிக்க வரவில்லை. ஒரு ஓரத்தைத் தாடையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு மறு ஓரத்தை இடது கையால் இழுத்தார்.

மடிப்பு கோணலாக வந்தது. தட்டி நேர் பண்ணி ஓரமாக வைத்துவிட்டு, அவளுடைய அடுத்த துணியை எடுக்கத் திரும்ப அலமாரிக்கு நடந்தார்.